பிள்ளை வளரவில்லையா? பருப்புத் தண்ணியை நிறுத்துங்கள்

"அவங்க அப்பாவும் குள்ளம்தானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, நாலு பேரில் ஒருத்தருக்கு. அத்தனை பேருக்கும் வம்சத்தைச் சொல்ல முடியுமா?

முதலில் அளந்து பாருங்கள். பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75-ஐயும் இரண்டு வயதில் 85-ஐயும் ஒட்டி வந்திருக்க வேண்டும். இரண்டு வயது வரை படுக்கவைத்துத்தான் அளக்கணும். அங்கன்வாடியில் எடை போட்டதும் கிளம்பிவிடாமல் "டீச்சர், உயரமும் பாருங்க" என்று கேட்டு வளர்ச்சி அட்டையில் எழுதி வாங்குங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். கோட்டைவிடுவது அதற்கப்புறம்தான். எங்கள் வீட்டிலும் பருப்பு வெந்ததும் மேலே தெளிந்த தண்ணியை ஊற்றிச் சோற்றைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தோம், அடியிலிருந்த பருப்பெல்லாம் எங்கள் சாம்பாருக்குப் போனது! குழந்தையின் வயிறு சின்னது, தண்ணியிலேயே நிறைந்துவிடும். பருப்பையே மசித்து நெய் விட்டுப் பிசையுங்கள், ஸ்பூனைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஒன்பது மாதத்துக்குள் தினம் இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நாலு வேளை. நன்றாக வெந்த முட்டைக்கு ஒரு வயது ஆகணும் என்று காத்திருக்க வேண்டாம், ஆறு மாதம் முடிந்ததுமே தொடங்கலாம். முள் நீக்கிய மீன், முருங்கைக்கீரை எல்லாம் சேரட்டும். அங்கன்வாடி சத்துமாவை மாட்டுக்குக் கலக்கும் வீடுகள் உண்டு, கேட்டாலே எரிச்சல் வரும். டீயில் பிஸ்கட் தொட்டுக் கொடுப்பது சாப்பாட்டில் சேராது, டீ இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவும் விடாது.

அடிக்கடி பேதியானாலும் வளர்த்தி நின்றுவிடும். பேதியின்போது சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள், டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் முடியுங்கள். ஊட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கொரு முறை அளக்கும்போது அட்டையில் உயரக் கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தால், இரண்டு வயதாகட்டும் என்று தள்ளிப்போடாமல் அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.