டேப்பெட் துளைகளைத் தயார் செய்வது

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினைப் பிரித்தால் எல்லோரும் சிலிண்டரைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் விரலை விட்டுத் தடவுவது டேப்பெட் துளைகளை. கேம், அதாவது முட்டுகளுள்ள சுழல்தண்டு, தூக்கிவிட, வால்வைத் திறக்க வைக்கும் சின்ன உருளைதான் டேப்பெட்; அது ஏறி இறங்குவது இந்தத் துளையில்.

டேப்பெட்டுகளைக் கழற்றும்போதே எட்டுக்கும் எண் போட்டு வையுங்கள். கேமோடு ஜோடியாகத் தேய்ந்தவை, இடம் மாறக் கூடாது. கேம் புதிது என்றால் டேப்பெட்டும் புதிதுதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

துளையில் பழைய ஆயில் பழுப்பாக உறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். துரு இருந்தால் மட்டும் நைசான பால் ஹோன் (இழை நுனிகளில் உரசும் மணிகள் உள்ள பிரஷ்), ஆயில் விட்டு, மெதுவான டிரில்லில் இரண்டு மூன்று இழுப்பு. அதற்கு மேல் போனால் துளை பெரிதாகிவிடும். எமரித்தாளைக் குச்சியில் சுற்றிக் குடைந்து ஒரு பிளாக்கையே நான் கெடுத்திருக்கிறேன். டேப்பெட்டுக்கும் துளைக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான்.

ஹோன் போடும் முன் கேம் புஷ்களை (கேம் சுழலும் உலோக வளையங்களை) கழற்றிவிடுங்கள், பொடி அதில் பதிந்துகொள்ளும். அப்புறம் சோப்பும் வெந்நீரும். துடைக்கும் வெள்ளைத் துணி கறுப்பது நிற்கும் வரை கழுவி, உடனே ஆயில் பூசுங்கள்.

ஆயில் தடவிய டேப்பெட் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கேமைத் தின்றுவிடும்.