ஒரு கீபோர்டு, மூன்று கணினி: கேவிஎம் ஸ்விட்ச்சில் காசு போகும் இடங்கள்

அலுவலகம் கொடுத்த லேப்டாப் ஒன்று, சொந்தக் கணினி ஒன்று, சிலரிடம் மூன்றாவதாக ஒரு லினக்ஸ் கணினியும் இருக்கும். மேசையில் இருப்பதோ ஒரே மானிட்டர். மூன்று கீபோர்டு வைக்க இடமில்லை என்றானதும் கேவிஎம் ஸ்விட்ச் தேட ஆரம்பிக்கிறார்கள். கீபோர்டு, மானிட்டர், மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பெட்டி அது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரி மேசைகளை அமைத்துத் தருவது என் வேலை. ஆரம்பத்தில் நாங்கள் எங்கெல்லாம் தடுக்கி விழுந்தோமோ, புதிதாக வருகிறவர்களும் அங்கேயேதான் வரிசையாக விழுகிறார்கள்.

கேபிளை மாற்றிச் செருகுவது, மானிட்டரில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுக்க மறப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் தானே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் 4கே என்று இருந்தால் போதும் என்று நினைப்பது

4கே என்றால் 3840 × 2160 புள்ளிகள். அந்தப் படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைத்தான் பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் செய்த ஸ்விட்ச் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில்தான் கடத்தும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது, அதைப் போன்ற இன்னொரு இணைப்பு வகையான டிஸ்ப்ளேபோர்ட்டில் குறைந்தது 1.2 இருக்க வேண்டும். 30 ஹெர்ட்ஸில் மவுஸை வேகமாக நகர்த்திப் பாருங்கள், அம்பு விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு நாள் முழுக்க அதில் எக்செல் பார்த்தால் தலைவலி நிச்சயம். முன்பக்கத்தில் 4கே என்பது பெரிய எழுத்தில் இருக்கும். 30 ஹெர்ட்ஸ் என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில். பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்.

ஈடிஐடி பற்றிக் கேட்காமல் வாங்குவது

மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவல்தான் ஈடிஐடி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். காரணம், தவறு ஸ்விட்ச்சில் இருக்கும், பழி மட்டும் மற்ற எல்லாவற்றின் மீதும் விழும்.

எங்களை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு ஊழியரிடம் இரண்டு கணினி: ஒன்றில் டாலி, இன்னொன்றில் இணையமும் வங்கி வேலையும். நடுவில் ஒரு கேவிஎம் ஸ்விட்ச். டாலியிலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தால், திறந்து வைத்த விண்டோக்கள் எல்லாம் சுருங்கி இடது மேல் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். சில நேரம் திரையே 1024 × 768க்கு இறங்கி, எழுத்தெல்லாம் பூதாகாரமாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை மாற்றுகிற ஆளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேபிள் சரியில்லை என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள். கேபிள் மாறியது. அப்புறம் மானிட்டர் மீது சந்தேகம், மானிட்டர் மாறியது. அடுத்து கிராபிக்ஸ் கார்டு. கடைசியாக விண்டோஸையே அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். டாலி லைசென்ஸை மறுபடியும் ஏற்ற அரை நாள் போயிருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை மட்டும் யாரும் தொடவே இல்லை. நாங்கள் அதைக் கழற்றிவிட்டு, ஈடிஐடி எமுலேஷன், அதாவது மானிட்டருக்குப் பதிலாகத் தானே அந்தத் தகவலைக் காட்டும் வசதி உள்ள வேறொன்றை மாட்டினோம். பிரச்சினை அன்றோடு போனது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் 128 பைட் கொண்ட ஒரு சிறு தகவல் தொகுப்பு இருக்கிறது. இப்போது வரும் மானிட்டர்களில் பெரும்பாலும் கூடவே இன்னொரு 128 பைட் இருக்கும். தயாரித்தது யார், எந்தெந்த ரெசல்யூஷனைத் தாங்கும், எத்தனை ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் அதில் உண்டு. மானிட்டரின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர்தான் ஈடிஐடி. எச்டிஎம்ஐ பிளக்கில் இருக்கும் 19 பின்களில் 15, 16 இரண்டும் இதைக் கணினிக்குக் கடத்துகின்றன. 19ஆம் பின்னுக்கு வேறு வேலை: மானிட்டர் இருக்கிறது என்பதைக் கணினிக்குத் தெரிவித்துக்கொண்டே இருப்பது.

மலிவு ஸ்விட்ச்சில் நீங்கள் பட்டனை அழுத்தும்போது இந்தப் பின்களின் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகிறது. கணினியைப் பொறுத்தவரை யாரோ மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள். உடனே அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சிறிய அளவுக்குத் திரையை இறக்கிக்கொள்கிறது. லேப்டாப்பாக இருந்தால் வெளித் திரையில் இருந்த விண்டோக்களை எல்லாம் தன் திரைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளும். வேறு கணினியில் நீங்கள் இருக்கும்போது இந்தக் கணினி மறுபடி துவங்கினால் இன்னும் மோசம்: துவங்கும் நேரத்தில் மானிட்டரே இல்லை என்று முடிவு செய்துவிட்டு, திரும்பி வரும்போது கறுப்புத் திரையைக் காட்டும்.

எமுலேஷன் உள்ள ஸ்விட்ச் அந்த ஜாதகத்தின் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்காத கணினிகளிடம் அதையே காட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மானிட்டர் போனதே தெரியாது.

சரி, பெட்டியில் ஈடிஐடி என்று எழுதியிருந்தால் வாங்கிவிடலாமா? அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சில பெட்டிகள் உங்கள் மானிட்டரின் தகவலைப் படிப்பதே இல்லை. தொழிற்சாலையிலேயே 1920 × 1080 என்று ஒரு பொய் ஜாதகத்தை எழுதி அடைத்திருப்பார்கள். சாதாரண மானிட்டருக்கு வேலை நடந்துவிடும். 3440 × 1440 அகலத் திரை வாங்கியவர் மாட்டிப் பார்த்தால் படம் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். அவர் மானிட்டர் கடைக்குச் சண்டைக்குப் போவார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "மானிட்டரிலிருந்து ஈடிஐடியைப் படித்து வைத்துக்கொள்ளுமா, இல்லை நிலையாகப் போட்டு வைத்ததா?" சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இதைக் கேட்டால் பாதிக் கடைகளில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை. பதில் தெரிந்த கடை கிடைக்கும் வரை நடங்கள்.

பதில் கிடைக்கவில்லை என்றால் சோதித்துப் பார்க்கலாம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்விட்ச் வழியாகக் கடையின் மானிட்டரை இணைத்து, திரையை நீட்டும் முறையில் வையுங்கள். வெளித் திரையில் ஒரு நோட்பேடைத் திறந்துவிட்டு ஸ்விட்ச்சை அடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள். நோட்பேடு லேப்டாப் திரைக்குத் தாவி வந்தால் எமுலேஷன் இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 'டிங்' என்று ஓர் ஒலி எழுப்பும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது யுஎஸ்பி கழன்றதற்காகவும் வரும்.

வாங்கிய பிறகு மாட்டுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பல ஸ்விட்ச்சுகள் மின்சாரம் வந்த கணத்தில்தான் மானிட்டரின் தகவலைப் படிக்கின்றன. முதலில் மானிட்டரை ஆன் செய்யுங்கள், அடுத்து ஸ்விட்ச், அப்புறம் கணினிகளை ஒவ்வொன்றாக. பின்னாளில் மானிட்டரை மாற்றினால் ஸ்விட்ச்சின் மின்சாரத்தையும் பிடுங்கிச் செருகுங்கள். இல்லாவிட்டால் புது மானிட்டரில் பழைய மானிட்டரின் ரெசல்யூஷன்தான் வரும்.

எமுலேஷனுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொண்டிருப்பதால், நீங்கள் வேறு கணினியில் இருக்கும்போது லேப்டாப்பைத் திறந்து அதன் டச்பேடைத் தொட்டால் மவுஸ் அம்பு கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது திரைக்குள் ஓடிவிடும். அம்பு தொலைந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

ஏற்கெனவே எமுலேஷன் இல்லாததை வாங்கிவிட்டவர்களுக்கு: கணினிக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் செருகும் சின்ன ஈடிஐடி எமுலேட்டர் பிளக்குகள் தனியாகக் கிடைக்கின்றன, ஒரு கணினிக்கு ஒன்று வேண்டும். லினக்ஸில் ஈடிஐடி கோப்பை அதன் மையப் பகுதியான கர்னலுக்கே நேரடியாகக் கொடுத்துவிடலாம். விண்டோஸ் 11இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் வசதி டிஸ்ப்ளே அமைப்புகளில் இருக்கிறது. அது பாதி ஆறுதல்தான், ஆனால் இலவசம்.

மாற்றுக் கேபிளின் திசையைப் பார்க்காமல் வாங்குவது

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ என்று விற்கும் சாதாரணக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை கணினிப் பக்கம், எச்டிஎம்ஐ முனை மானிட்டர் பக்கம். திருப்பிப் போட்டால் படம் வராது. எச்டிஎம்ஐ லேப்டாப்பை டிஸ்ப்ளேபோர்ட் ஸ்விட்ச்சில் இணைக்க, உள்ளே சிப் வைத்த, பெரும்பாலும் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மாற்றி வேண்டும். விலை அதிகம், சூடாகவும் ஆகும். எல்லாக் கணினியிலும் பொதுவாக இருக்கும் போர்ட் எது என்று பார்த்து அந்த வகை ஸ்விட்ச்சையே வாங்குவது நல்லது. ஸ்விட்ச் வாங்கிய பிறகு கணினியின் முதுகைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

டைப்-சி இருந்தால் படம் வந்துவிடும் என்று நம்புவது

வராமலும் போகலாம். சில லேப்டாப்களில் டைப்-சி போர்ட் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். போர்ட் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா பாருங்கள். குறி இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு மானிட்டர் வைக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஒரே டைப்-சி கேபிளில் இரண்டு திரைக்குப் படம் பிரித்து அனுப்பும் எம்எஸ்டி முறை விண்டோஸில் வேலை செய்யும். மேக் ஓஎஸ்ஸில் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வரும். அது போக, எம்1, எம்2 அடிப்படை சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் நேரடியாக ஆதரிக்கும். இரட்டை மானிட்டர் ஸ்விட்ச்சுக்குப் பெரிய தொகை கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கீபோர்டுக்கான போர்ட்டில் கேமிங் கீபோர்டைச் செருகுவது

கீபோர்டு, மவுஸ் படம் போட்ட போர்ட்கள் பல ஸ்விட்ச்சுகளில் வெறும் யுஎஸ்பி போர்ட்கள் அல்ல. ஸ்விட்ச் தானே ஒரு சாதாரணக் கீபோர்டாக நடித்து, நீங்கள் தட்டுவதை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கிறது. அதனால்தான் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டினால் கணினி மாறுகிறது. ஆனால் மேக்ரோ கீகள், ஒலியைக் கூட்டும் சக்கரம், மவுஸின் பக்கவாட்டு பட்டன்கள் போன்றவை அந்த நடிப்பில் காணாமல் போகலாம். அப்படிப்பட்ட கருவிகளைப் பக்கத்தில் இருக்கும் பொது யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். எல்லாக் கீயும் வேலை செய்யும், ஸ்க்ரோல் லாக் தந்திரம் மட்டும் போய்விடும். மாற்றும்போது ஓரிரு நொடி காத்திருக்கவும் வேண்டும்.

இன்றைய சின்னக் கீபோர்டுகள் பலவற்றில் ஸ்க்ரோல் லாக்கே கிடையாது. ஸ்விட்ச்சில் வேறு கீயைத் தேர்ந்தெடுக்க முடியுமா, இல்லையென்றால் வயரில் நீட்டி வரும் தனி பட்டன் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை ஸ்விட்ச்சின் பின்னால் செருகுவது

மவுஸோடு வரும் சின்ன யுஎஸ்பி ரிசீவர்தான் டாங்கிள். அதைப் பின்னால் செருகினால் மவுஸ் திக்கித் திக்கி நகரும். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012இலேயே விளக்கமாக எழுதிவிட்டது. யுஎஸ்பி 2.0 போர்ட்டில் ஒரு சின்ன நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவாருங்கள்.

கேபிள் நீளத்தைக் கூட்டிப் பார்க்காதது

கணினியிலிருந்து ஸ்விட்ச் வரை 3 மீட்டர், ஸ்விட்ச்சிலிருந்து மானிட்டர் வரை 3 மீட்டர் என்றால் மொத்தம் 6. 4கே 60 ஹெர்ட்ஸில் திரை அடிக்கடி ஒரு நொடி அணைந்து எரிகிறதென்றால் முதல் சந்தேகம் இங்கேதான். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டரில் முடித்துக்கொள்ளுங்கள்.

கணினிக்கு மட்டும் யுபிஎஸ்

கரண்ட் போனால் கணினி ஓடும், மானிட்டரும் ஸ்விட்ச்சும் அணைந்துவிடும். எதையும் சேமிக்க முடியாது. மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்கை ஸ்விட்ச்சில் செருகிவிட்டுக் கோப்பை நகலெடுப்பது

நடுவில் பழக்க தோஷத்தில் பட்டனை அழுத்துவீர்கள். டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் செருகுங்கள். ஹெட்செட்டும் அப்படித்தான், மீட்டிங் நடுவே குரல் அறுந்துவிடும்.

எல்லாக் கணினியிலும் ஒரே வால்பேப்பர்

அலுவலக லேப்டாப்பின் பாஸ்வேர்டைச் சொந்தக் கணினியில் திறந்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் தட்டி என்டரும் அழுத்தியவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குப் பச்சை என்று மாற்றி வையுங்கள்.