தலைக்கு எத்தனை டன்? நாடுகளின் உமிழ்வை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு நவம்பரிலும் பருவநிலை மாநாடு நடக்கும் நாட்களில் அந்த ஆண்டின் கார்பன் உமிழ்வுக் கணக்கு வெளியாகும். மறுநாள் செய்தித்தாளில் ஒரு பட்டை வரைபடம் வரும்: முதலிடம் சீனா, இரண்டாமிடம் அமெரிக்கா, மூன்றாமிடம் இந்தியா. உடனே பேச்சு இரண்டு கட்சியாகப் பிரியும். "இத்தனை கோடிப் பேர் இருந்தால் இப்படித்தான் ஆகும்" என்பது ஒரு கட்சி. "தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள், நம்மேல் தப்பே இல்லை" என்பது இன்னொன்று. இரண்டு பேரிடமும் இருப்பவை சரியான எண்கள்தான். ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்கான பதில் என்பதை இருவருமே பார்ப்பதில்லை. யார் குறைக்க வேண்டும், எவ்வளவு வேகமாக, அதற்குப் பணம் யார் தர வேண்டும் என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான எண்ணை எடுத்து இன்னொன்றில் பொருத்தினால் கொள்கையே தவறாகிவிடும்.

எல்லைக்கோட்டை நம்பி வரிசைப்படுத்துவது

2023 கணக்கைத் தோராயமாக எடுத்துக்கொள்வோம். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து உலகம் முழுவதும் வெளியான கார்பன் டை ஆக்சைடு 3,700 கோடி டன்னுக்கு மேல். சீனா சுமார் 1,200 கோடி, அமெரிக்கா சுமார் 490 கோடி, இந்தியா 300 கோடியைத் தாண்டுகிறது. மக்கள் தொகையால் வகுத்தால் அமெரிக்கருக்கு 14 டன், சீனருக்கு 8 டன்னுக்குச் சற்று மேல், இந்தியருக்கு 2 டன்னுக்குச் சற்று மேல். உலகச் சராசரி 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உலகில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இந்தியர்கள். உமிழ்வில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு எட்டுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சீனாவை இருபது நாடுகளாகப் பிரித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சுமார் 7 கோடிப் பேர் இருப்பார்கள். ஒவ்வொன்றின் உமிழ்வும் 60 கோடி டன். 8 கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனியின் உமிழ்வும் ஏறக்குறைய அதேதான். பட்டியலின் உச்சியிலிருந்து சீனா மறைந்துவிடும். அதற்குப் பதிலாக ஜெர்மனி அளவுள்ள இருபது நாடுகள் பட்டியலில் சற்றுக் கீழே நிற்கும். காற்றில் ஒரு டன்கூடக் குறைந்திருக்காது. இந்தியாவின் 145 கோடிப் பேர் ஒரே வரியில் வருகிறார்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் 45 கோடிப் பேர் 27 வரிகளில் பரவியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அந்த வரிசை நமக்கு அதிகம் சொல்வதில்லை.

இதே தவறை மறுபக்கத்திலிருந்து செய்கிறவர்களும் உண்டு. "எங்கள் பங்கு உலக உமிழ்வில் ஒரு சதவீதம்தான், நாங்கள் குறைத்து என்ன ஆகப்போகிறது" என்ற வாதம் ஆஸ்திரேலிய அரசியலில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. அங்கே இருப்பது உலக மக்களில் ஒரு சதவீதம் அல்ல, அதில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு, இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக உமிழும் நாடுகளை எல்லாம் கூட்டினால் உலக உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். அது சீனா ஒன்றின் அளவுக்கு ஈடு. அத்தனை நாடுகளும் "நாங்கள் சின்னவர்கள்" என்று ஒதுங்கினால் எந்தக் கணக்கும் நேராகாது.

பிள்ளை பெறுவதைக் குற்றமாக்குவது

இருக்கும் தவறுகளில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். மக்கள் தொகை பெருகுவதால்தான் பூமி சூடாகிறது, எனவே ஏழை நாடுகள் பிறப்பைக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற பேச்சு படித்தவர்களிடமே சகஜமாகப் புழங்குகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க சீனாவை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஒரு குழந்தைத் திட்டம் அங்கே 1980 வாக்கில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2015 இறுதியில் கைவிடப்படும் அறிவிப்பு வந்தது. உலக வரலாற்றில் எந்த அரசும் பிறப்பை இவ்வளவு கடுமையாகக் கட்டுப்படுத்தியதில்லை. அந்த 35 ஆண்டுகளில் சீனாவின் மக்கள் தொகை சுமார் 100 கோடியிலிருந்து 140 கோடியை நெருங்கியது, அதாவது 1.4 மடங்கு. அதே காலத்தில் உமிழ்வு சுமார் 150 கோடி டன்னிலிருந்து கிட்டத்தட்ட 1,000 கோடி டன்னானது. ஆறு மடங்குக்கு மேல்! கூடுதலாக வந்த மக்கள் அதில் சிறு பகுதிக்குத்தான் காரணம். மீதியெல்லாம் அனல்மின் நிலையம், உருக்கு, சிமென்ட், ஏற்றுமதித் தொழிற்சாலை. குடும்பங்கள் மீது அவ்வளவு கொடுமை நடந்தும் புகைபோக்கிகளின் எண்ணிக்கை குறையவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நைஜரைப் பாருங்கள். உலகிலேயே அதிகப் பிறப்பு விகிதம் உள்ள நாடுகளில் ஒன்று. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல். ஆனால் தலைக்கு உமிழ்வு ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அமெரிக்கர் ஒருவருக்கான கணக்கில் அங்கே நூறு பேருக்கு மேல் அடங்கிவிடுவார்கள். இந்தியாவுக்குள்ளும் இதே படம்தான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குப் பீகாரில் 3 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. தலைக்கு மின்சாரப் பயன்பாடோ தமிழ்நாட்டில்தான் பீகாரைப் போலப் பல மடங்கு. குழந்தைகள் அதிகம் பிறக்கும் இடமும் கரி அதிகம் எரியும் இடமும் வேறு வேறு.

காலக்கணக்கும் ஒத்துவராது. இன்று பிறப்பு விகிதம் சட்டென்று விழுந்தாலும், ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் வளர்ந்து குடும்பமாவதால் மக்கள் தொகை பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். உலக மக்கள் தொகை 2080களில் 1,030 கோடியை எட்டி அதன் பிறகே இறங்கும் என்பது ஐநாவின் 2024 மதிப்பீடு. உமிழ்வை இறக்க வேண்டிய வேலையோ அடுத்த 25 ஆண்டுகளுக்குள் முடிய வேண்டியது. பெண் கல்வியும் கருத்தடை வசதியும் பெண்களின் உரிமை என்பதற்காகவே வேண்டும். அவற்றைக் கார்பன் குறைப்புக் கருவியாக விற்பது அந்தப் பெண்களுக்கும் நல்லதல்ல, பருவநிலைக்கும் உதவாது.

மக்கள் தொகைக்குக் கணக்கில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி கயா தந்த சமன்பாட்டில் முதல் உறுப்பே அதுதான். தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் ஆற்றல், அந்த ஆற்றலில் உள்ள கார்பன் ஆகிய மூன்றால் அதைப் பெருக்கினால் மொத்த உமிழ்வு வரும். கடைசி இரண்டைத்தான் கொள்கையால் வேகமாக மாற்ற முடியும்.

சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது

சரி, தலைக்குக் கணக்கு பார்த்தால் நியாயம் கிடைத்துவிடுமா? பாதிதான் கிடைக்கும். லக்சம்பர்க்கின் சராசரி அதிகம் என்று படிப்போம். அங்கே எரிபொருள் வரி குறைவு என்பதால் பக்கத்து நாட்டு லாரிகள் வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. அது லக்சம்பர்க் மக்கள் தலையில் ஏறுகிறது. உலகிலேயே அதிகச் சராசரி கத்தாருடையது. அங்கே எரிவாயுத் தொழிலின் உமிழ்வு சுமார் 30 லட்சம் பேரால் வகுக்கப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன தெற்காசியர்கள்.

இந்தியாவின் 2 டன்னும் அப்படித்தான். மாதக் கடைசியில் சிலிண்டர் வாங்கக் காசில்லாமல் விறகுக்குத் திரும்பும் வீடும், ஒவ்வோர் அறையிலும் ஏசி ஓடும் வீடும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. ஏழைகளின் குறைந்த உமிழ்வைக் காட்டிப் பணக்காரர்களின் உமிழ்வை நாடு மறைக்கிறது என்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் இந்தியா 2007லேயே குற்றம் சாட்டியது. உலக அளவில் மேல்தட்டில் உள்ள பத்து சதவீதத்தினர்தான் ஏறக்குறைய பாதி உமிழ்வுக்குக் காரணம். அவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். சர்வதேச மேடையில் தலைக்கு நியாயம் கேட்கும் நாடு, அதே நியாயத்தை உள்ளூர் மின்கட்டணத்திலும் பொதுப் போக்குவரத்திலும் காட்ட வேண்டும்.

இந்த ஆண்டுக் கணக்கோடு நின்றுவிடுவது

கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். இன்றைய வெப்பத்தில் 1900இல் மான்செஸ்டரில் எரிந்த கரிக்கும் பங்குண்டு. தொழிற்புரட்சியிலிருந்து கூட்டிப் பார்த்தால் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்தியாவின் பங்கு நான்கு சதவீதத்துக்கும் கீழே. காடழிப்பையும் சேர்த்தால் வரிசை மாறும். பிரேசிலும் இந்தோனேசியாவும் முன்னுக்கு வரும். ஆங்கிலேயர் ஆட்சியில் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை போட வெட்டிய காடு யார் கணக்கு என்று கேட்டால் இன்னொரு முறை மாறும்.

இந்தச் சண்டை பழையது. 1990இல் வாஷிங்டனின் உலக வளங்கள் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் சீனா, இந்தியா, பிரேசில் எல்லாம் பெரும் பொறுப்பாளிகளாக வந்தன. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் அதற்கு மறுப்பு எழுதினார்கள். அவர்கள் கேட்டது எளிமையானது. கடலும் காடும் ஆண்டுதோறும் உறிஞ்சும் கார்பனை, அதிகம் உமிழ்கிறவருக்கு அதிகம் என்று ஏன் பங்கு வைக்கிறீர்கள்? அது உலகத்தின் பொதுச் சொத்து. தலைக்குச் சமமாகப் பிரியுங்கள் என்றார்கள். நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் சொகுசுக் கார் விடும் புகையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ரியோ பருவநிலை உடன்படிக்கையில் இடம்பெற்ற "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற கொள்கைக்குப் பின்னால் இத்தகைய வாதங்கள் இருந்தன. மக்கள் தொகை நியாயத்துக்கான அளவுகோலாகச் சரியாகப் பயன்பட்ட இடம் இது.

எரிந்த இடத்தையும் அனுபவித்தவர் இடத்தையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. திருப்பூரில் பின்னி, சாயம் போட்டு, தைத்து, ஹாம்பர்க் கடையில் தொங்கும் டீ-சர்ட்டுக்கான உமிழ்வு இந்தியாவின் கணக்கில்தான் ஏறுகிறது. சுவிட்சர்லாந்தை நுகர்வு அடிப்படையில் கணக்கிட்டால் அதன் உமிழ்வு இரு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதற்காக எல்லாப் பழியையும் ஏற்றுமதி மேல் போட முடியாது. சீனாவின் உமிழ்வில் ஏற்றுமதி வழியாக நிகரமாக வெளியே போவது பத்தில் ஒரு பங்கு அளவுக்கே. மீதி சீனர்களுக்காகச் சீனாவில் எரிவது.

அலகுகளிலும் கண் வேண்டும். கார்பன் என்று எழுதியிருந்தால் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67ஆல் பெருக்க வேண்டும். கிகா டன் என்றால் 100 கோடி டன். மீத்தேனைச் சேர்த்த கணக்கா, சேர்க்காததா என்றும் பாருங்கள். ஆடு மாடு நிறைந்த நியூசிலாந்தின் எண் இந்த இரண்டு கணக்கிலும் வெகுவாக வேறுபடும்.

தலைக்குக் குறைவு என்பதைத் தள்ளிப்போடும் அனுமதியாக நினைப்பது

2007இல் ஜெர்மனியில் நடந்த ஜி8 கூட்டத்தையொட்டி மன்மோகன் சிங் ஒரு வாக்குக் கொடுத்தார்: இந்தியாவின் தலா உமிழ்வு வளர்ந்த நாடுகளின் தலா உமிழ்வை ஒருபோதும் தாண்டாது. அன்றைக்கு அது மிக உயரத்தில் இருந்த கூரை. 1990இல் தலைக்கு 10 டன்னாக இருந்த பிரிட்டன் இன்று 5 டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. அங்கே கடைசி நிலக்கரி அனல்மின் நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. கூரை இறங்கிக்கொண்டிருக்கிறது, நாம் ஏறிக்கொண்டிருக்கிறோம். 1990களில் இன்றைய நம் நிலையில் இருந்த சீனா, தலைக்குக் கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தை எப்போதோ தாண்டிவிட்டது. இன்று கட்டும் அனல்மின் நிலையம் நாற்பது ஆண்டு ஓடும் என்பதால், 2 டன் என்று சொல்லிக்கொண்டே 6 டன்னுக்கான அடித்தளத்தைப் போட்டுவிட முடியும்.

எனவே, தலா கணக்கு காட்டும் இடைவெளியைக் கரி எரிக்கும் உரிமையாகக் கேட்பதை விட, பணமாகவும் தொழில்நுட்பமாகவும் கேட்பதே சரி. வளர்ந்த நாடுகள் 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் சொன்னது 2022இல்தான் நிறைவேறியது. 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது. இது போதாது என்று இந்தியா அந்த அரங்கிலேயே எதிர்த்தது. அந்த எதிர்ப்பு நமக்காக மட்டும் அல்ல. நைஜீரியாவில் இன்று 23 கோடிப் பேர். தலைக்கு உமிழ்வு ஒரு டன்னுக்கும் கீழே. 2050இல் அங்கே சுமார் 36 கோடிப் பேர் இருப்பார்கள். மின்சாரம் அடிக்கடி போவதால் கடைகளும் வீடுகளும் பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன. ஐரோப்பாவில் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் கடன், அங்கே சூரிய மின் நிலையம் கட்டப் போகிறவருக்குப் பல மடங்கு வட்டிக்குத்தான் கிடைக்கிறது. அந்த 36 கோடிப் பேரின் தலா உமிழ்வு எவ்வளவு என்பதை, எத்தனை பேர் பிறக்கிறார்கள் என்பதை விட, அந்த வட்டிதான் அதிகம் தீர்மானிக்கப் போகிறது.