கல்லூரிக் கட்டணத்துக்கு அரசு உதவி: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, மதிப்பெண்ணுக்குக் காத்திராமல், இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விண்ணப்பம் வருவாய்த் துறையில் பல கை மாறித்தான் சான்றாக வரும். கலந்தாய்வுத் தேதியோ நமக்காகத் தள்ளிப்போகாது.

தாத்தா, பாட்டி முதல் உடன்பிறந்தோர் வரை குடும்பத்தில் யாருமே பட்டம் பெறாதிருந்தால்தான் முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. பொறியியலில் கலந்தாய்வு வழியே சேர்வோருக்கே அது கிடைக்கும் என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் பெற்றோர் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயை, வேறு உதவித்தொகை பெறுபவரும் பெறலாம். கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் முதல் மாதமே விவரம் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பணம் வராமல் தவிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு மாணவி, பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருந்ததை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தாள். வங்கியில் ஆதாரைப் பதிவு செய்வது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அந்தக் கணக்கை ஆதாருடன் இணைப்பது வேறு. அந்த இணைப்பு ஒரு நேரத்தில் ஒரே கணக்குக்குத்தான் இருக்கும். அவளுக்கோ அது பள்ளி நாளில் தொடங்கி, பின்பு முடங்கிப்போன பழைய கணக்கில் இருந்தது. ஆகவே கிளைக்கு நேரில் சென்று, "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இந்தக் கணக்கு இணைந்திருக்கிறதா?" என்றே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தும் ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், அதையும் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் பணம் குறைந்தால் மட்டும் கல்விக் கடனை நாடுங்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை, பெற்றோர் உடன் கையெழுத்திட வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.