ஒக்சாப்மின் கணக்கு: உடம்பைத் தொட்டு 27 வரை எண்ணுவது எப்படி?

பாப்புவா நியூ கினியின் சண்டவுன் மாகாண மலைகளில் பேசப்படும் ஒக்சாப்மின் மொழியில் உறுப்பின் பெயரே எண். கண்ணுக்குக் ‘கினா’ என்று பெயர். 13-க்கும் அதே பெயர். இடத்தைத் தொட்டு, பெயரைச் சொல்லி, அடுத்ததற்கு நகர வேண்டும்.

வலது கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. பழக்கதோஷத்தில் விரல் கணுக்களை எண்ணிவிடாதீர்கள். முழு விரலுக்கும் ஒரே எண்தான். பிறகு கைவழியே ஏறுங்கள்: மணிக்கட்டு 6, முன்கை 7, முழங்கை 8, புஜம் 9, தோள் 10, கழுத்தோரம் 11, காது 12, கண் 13, மூக்கு 14. மூக்கைத் தாண்டினால் இடப்பக்க இறக்கம்: கண் 15, காது 16, கழுத்தோரம் 17, தோள் 18, புஜம் 19, முழங்கை 20, முன்கை 21, மணிக்கட்டு 22.

புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இறங்கும் வேகத்தில் கை சுண்டுவிரலுக்குப் போய்விடும். அப்படியல்ல, இந்தக் கையிலும் கட்டைவிரல்தான் முதலில், அது 23. சுண்டுவிரலில் 27 முடியும். சரிபார்க்க ஒரு வழி: மணிக்கட்டிலிருந்து கண் வரை, ஓர் உறுப்பின் வல, இட எண்களைக் கூட்டினால் 28 வரும். விரல்களுக்கு இது பலிக்காது. வல எண்ணோடு 22-ஐக் கூட்ட வேண்டும்.

இடப்பக்கப் பெயர்களின் முன் ‘தன்’ வரும்: கினா 13, தன்-கினா 15. ‘தன்’னை விழுங்கினால் கண்ணில் போவது இரண்டுதான், கட்டைவிரலில் 22 போய்விடும்!

27 வந்ததும் கை முஷ்டியை உயர்த்தி ‘டிட் ஃபூ’ என்பார்கள். மேலும் எண்ண வேண்டுமானால் அதே இட மணிக்கட்டுக்குத் திரும்பி மேலே ஏறலாம்.

கூட்டல்தான் கடினம். 9-உடன் 7-ஐக் கூட்டப் புஜம் வரை எண்ணிவிட்டு மேலே போனால், ஏழு எப்போது முடிந்தது என்று உடம்பு சொல்லாது. 1978 முதல் இங்கே ஆய்வு செய்த ஜெஃப்ரி சாக்ஸ், பணப் புழக்கம் உள்ளவர்களிடம் இதற்கான உத்தியைக் கண்டார். தோளைத் தொட்டுக் ‘கட்டைவிரல்’ என்பார்கள், கழுத்தோரத்தைத் தொட்டு ‘ஆள்காட்டி விரல்’ என்பார்கள். இப்படியே போய் இடக்காதைத் தொடும்போது வாயில் ‘முன்கை’ வரும். முன்கை 7, விரல் நிற்கும் காது 16.

ஆஸ்திரேலிய நிர்வாகக் காலத்தில் 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. காசு எண்ணும்போது இட முழங்கையிலேயே நிறுத்தி, ஒரு பவுண்டு என்று வைத்துக்கொண்டு, மறுபடி கட்டைவிரலில் தொடங்கினார்கள்.