தண்ணீர் கொட்டும்போது கிளம்பாதீர்கள்: அருவிப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசிப் பக்கம் யாரும் ‘நீர்வீழ்ச்சிக்குப் போகிறேன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அருவிக்குப் போகிறோம், அவ்வளவுதான். பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பாபநாசத்தில் அகத்தியர் அருவி. மலையைத் தாண்டினால் ஆரியங்காவு பாலருவி. இவ்வளவு பக்கத்தில் இருந்தும், முதல் மூன்று வருடம் நான் எடுத்த படங்களில் உருப்படியானவை பத்துகூடத் தேறாது. கேமராவைக் குறை சொல்ல முடியாது. நான் போன நாளும் நேரமும்தான் தப்பு.

‘தண்ணி பிச்சுக்கிட்டு விழுது’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். உடனே கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பெரிய தவறு இதுதான். வெள்ளம் வரும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், சாரல் லென்ஸைத் துடைக்க விடாது, போலீஸ் அருவிக்கரைக்கே விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், பாறை தெரியாது. பேரருவியின் அழகே அது விழும் விதத்தில் இருக்கிறது. பாதி உயரத்தில் பொங்குமாகடல் என்ற குழியில் விழுந்து, அங்கே பொங்கி எழுந்து, மறுபடி கீழே குதிக்கிறது. வெள்ளத்தில் அந்த இரண்டு கட்டமும் ஒன்றாகிப் பழுப்பு நிறத் திரையாகிவிடும். ஐந்தருவி ஐந்தாகவே தெரியாது. மழை வெறித்து மூன்று நான்கு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் தெளிந்து, இழை இழையாகப் பிரிந்து, நனைந்த பாறை கறுப்பாகப் பின்னால் நிற்கும். எடுக்க வேண்டியது அந்த அருவியைத்தான்.

உயிர் விஷயமும் இதில் இருக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழைதான். கீழே வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீர் மேலே மலையில் பெய்த மழையிலிருந்து வருகிறது. தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், ட்ரைபாடை (கேமரா நிற்கும் முக்காலி) மடக்கிக்கொண்டிருக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் கடைசியாகத்தான் தெரியும். அதனால் தனியாகப் போகாதீர்கள்.

அடுத்தது நேரம். பதினொரு மணிக்கு நிதானமாகப் போய் இறங்கினால், உச்சி வெயிலில் தண்ணீர் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, பாறை நிழல் கருகிப் போயிருக்கும். குற்றாலம் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால், சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் கிடைக்கும் நிழல் வெளிச்சம் அருவிக்கு ரொம்பப் பொருத்தம். மேகம் மூடிய சாரல் நாள் என்றால் நாள் முழுக்க எடுக்கலாம். காலை வெயிலுக்கும் ஒரு லாபம் உண்டு: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் சாரலில் வானவில் விழும்.

இனி பட்டு மாதிரி வழியும் தண்ணீர். எல்லோருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. பத்து நொடி, இருபது நொடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தேன். அருவி இருந்த இடத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு படம் கிடைத்தது. வேகமாக விழும் தண்ணீருக்கு 1/8 முதல் 1/4 நொடியே போதும். மெல்லிய ஒழுக்குக்கு அரை நொடி, ஒரு நொடி. நீரின் நரம்பு படத்தில் தெரிய வேண்டும். வெளிச்சம் அதிகமாக இருந்தால் சிலர் லென்ஸின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்குவார்கள் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்). அவ்வளவு சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுக்கக் கூர்மை குறைந்துவிடும். எஃப் 8 அல்லது 11-இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 100-இல் வைத்து, மீதி வெளிச்சத்தை என்.டி. ஃபில்டரால் (லென்ஸ் முன்னால் மாட்டும் கறுத்த கண்ணாடி) குறையுங்கள். ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் போலரைசரை வாங்கச் சொல்வேன். ஈரப் பாறையிலும் இலையிலும் இருக்கும் பளபளப்பை எடுத்துவிடும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). ஆனால் வானவில்லை எடுக்கும்போது பார்த்துத் திருப்புங்கள், அதையும் சேர்த்து அழித்துவிடும்!

கறுத்த பாறையைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும்; தண்ணீர் வெந்துபோகும், அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடும். அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்தே எடுங்கள். இருண்ட பாறையைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்கலாம், வெந்த வெள்ளையில் திரும்பி வர ஒன்றுமில்லை. ட்ரைபாடின் காலை ஓடும் நீரில் ஊன்றினால் அது நடுங்கும். போனில் எடுப்பவர்களும் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் போனை ஏதாவது ஒரு கல்லில் சாய்த்து டைமர் வையுங்கள், கை ஆடும். லென்ஸ் துடைக்க நைந்த பருத்தித் துணி நாலு எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி காரிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும், கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே விட்டுவையுங்கள்.

ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு சீசன் ஞாயிற்றுக்கிழமை, அகன்ற லென்ஸில் பாறையை மட்டும் குறி வைத்து நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் வந்து, “தம்பி, எங்க வீட்டுப் பொம்பளைங்க குளிக்காங்க, அந்தப் பக்கம் திருப்பாதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனாலேயே கூசிப்போய்விட்டது. நான் பாறையைத்தான் எடுக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கூட்டம் குளிக்கும் நேரத்தில் பெண்கள் பக்கம் கேமரா திரும்பவே கூடாது, தற்செயலாகக்கூட. விடியற்காலையில், வார நாளில் போங்கள்.

செண்பகாதேவி, தேனருவி என்று மேலே காட்டுக்குள் இருப்பவற்றுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. அகத்தியர் அருவிக்கும் மணிமுத்தாறு அருவிக்கும் சோதனைச் சாவடி உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அது, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஊருக்குப் பின்னால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் பத்தடி விழும் பெயரில்லாத ஓடை ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதைப் பத்து தடவை போய் எடுங்கள், ஆனால் லொகேஷனைப் போடாதீர்கள். அடுத்த வாரமே அங்கே பாட்டில் கிடக்கும்.

அப்புறம் குரங்கு. பாலித்தீன் உறை சரசரத்தால் அதற்குத் தின்பண்டம் என்றுதான் அர்த்தம், நீங்கள் உள்ளே லென்ஸைச் சுற்றி வைத்திருந்தாலும் சரி. பை ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். என்னுடைய லென்ஸ் மூடி ஒன்று இன்னும் ஐந்தருவிப் பக்கம் ஏதோ ஒரு மரத்தில்தான் இருக்க வேண்டும்.