பெட்டியில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து ஸ்கேனர் வாங்காதீர்கள்

சித்தப்பா தர்மபுரியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கடையை மூடியதும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நெகட்டிவ் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் 120 பிலிம் (35 மி.மீ.யைவிட அகலமான ரோல்), கறுப்பு வெள்ளை. சில கவர்களில் ‘தர்மபுரி, சேலம் ஜில்லா’ என்று அச்சடித்திருக்கிறது. 1965 அக்டோபரில் தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய கவர்கள் அவை.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் பெங்களூரில் ஸ்கேனர் வாங்கினேன். ‘நெகட்டிவ் ஸ்கேன் ஆகும்’ என்று கடைக்காரர் சொன்னார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டில் மூடியைத் திறந்து பார்த்தால், விளக்கு இருக்கும் ஜன்னல் 35 மி.மீ. பிலிம் அகலத்துக்குத்தான் இருந்தது. 6×6 என்கிற சதுர 120 நெகட்டிவில் படம் 56 மி.மீ. அகலம். ஒரு கல்யாணப் படத்தை வைத்தேன். மாப்பிள்ளை வந்தார், பெண் வரவில்லை. நகர்த்தி வைத்து இரண்டாவது தடவை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். இரண்டு பாதிக்கும் வெளிச்சம் ஒத்துப்போகவே இல்லை.

பேப்பரின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் ஆபீஸ் ஸ்கேனர் படிக்கிறது. நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும், அதனால் மூடியிலும் விளக்கு வேண்டும். ஆகவே கடையிலேயே மூடியைத் திறந்து ஜன்னலை அளந்துவிடுங்கள். 120க்கான ஹோல்டர், அதாவது பிலிமைப் பிடித்து வைக்கும் சட்டம், கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். பிளஸ்டெக் 8100, 8200 மாதிரியானவை நல்ல மெஷின்கள்தான், ஆனால் 35 மி.மீ.க்கு மட்டும்.

அடுத்தது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளி படிக்கும் என்ற எண். இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. எப்சன் வி600 பெட்டியில் 6400 என்று இருக்கும். சோதித்தவர்களுக்கு நிஜமாகக் கிடைத்தது ஏறக்குறைய 1500, 1600தான். அதைவிட விலை கூடின வி850க்கும் அதே 6400தான் போட்டிருக்கிறது, கிடைப்பது 2300 பக்கம். மீதி எண்ணெல்லாம் பைலைத்தான் பெரிதாக்கும். ஒரு 6×6 கலர் நெகட்டிவை 6400இல், 48 பிட்டில் ஏற்றினால் ஒரே படம் 1 ஜிபியைத் தாண்டும், அதில் கூடுதலாக ஒரு மயிரிழைகூடத் தெரியாது.

கணக்கைப் பிரிண்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 12 அங்குலச் சதுரப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600 புள்ளி வேண்டும். நெகட்டிவில் படம் 2.2 அங்குலம். வகுத்தால் 1640 வரும். வீட்டுச் சுவரில் மாட்ட வி600 ஏறக்குறையப் போதும் என்று அர்த்தம். 18 அங்குலம் கேட்டால் 2450 ஆகிவிடும். அப்போது வி850க்கே மூச்சு வாங்கும்.

ஹோல்டரை யாரும் கவனிப்பதில்லை. ஸ்டூடியோக்காரர்கள் ரோலை ஒவ்வொரு படமாக வெட்டிக் கவரில் போடுவார்கள். ஹோல்டரோ நீளப் பட்டைக்குச் செய்தது. இரண்டு ஓரத்தைத்தான் பிடிக்கும், மற்ற இரண்டும் அப்பளம் மாதிரி தூக்கிக்கொள்ளும். நடுவில் முகம் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் புடவைக் கரை மங்கிப்போகும். ஸ்கேனர் கண்ணாடி மேலேயே நெகட்டிவை அழுத்தி வைத்தாலோ, எண்ணெய் சிந்தின தண்ணீரில் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக விழும். அதற்கென்று இருக்கிற சொரசொரப்பான கண்ணாடி வாங்கி, ஹோல்டரில் இருக்கும் நெகட்டிவ் மேலே வைப்பதுதான் வழி.

‘தூசியை மெஷினே எடுத்துவிடும்’ என்பார்கள். அது அகச்சிவப்பு வெளிச்சத்தில் நடக்கிற வேலை. கலர் நெகட்டிவில் சரியாக நடக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அது அகச்சிவப்பை மறைத்துக்கொள்ளும்; சாப்ட்வேர் படத்தையே தூசி என்று நினைத்து மெழுகிவிடும். எங்களைப் போலப் பழைய ஸ்டூடியோச் சரக்கு வைத்திருப்பவர்கள் அந்த வசதிக்கென்று காசு கூடக் கொடுக்க வேண்டியதில்லை. காற்று ஊதும் பல்பும் மென்மையான பிரஷும் வாங்குங்கள். ஈரத்துணி வேண்டாம். ஒரு பெண்ணின் கன்னத்தில் கொசகொசவென்று கோடு தெரிந்தது, கீறல் என்று துடைக்கப் போனேன். சாய்த்துப் பார்த்தால் பென்சில்! அம்மைத் தழும்பை மறைக்க சித்தப்பா போட்ட டச்சிங்.

டிஜிட்டல் கேமராவும், கிட்டத்தில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்ஸும் ஏற்கெனவே இருந்தால், பின்னால் விளக்கு வைத்து நெகட்டிவையே போட்டோ எடுத்துவிடலாம்; ஸ்கேனரே தேவையில்லாமல் போகலாம். 24 மெகாபிக்சலில் சதுரமாக வெட்டினால் 4000 புள்ளி, அதாவது 1800 டிபிஐ. செகண்ட் ஹேண்டில் நிக்கான் கூல்ஸ்கேன் 9000 கிடைத்தால் ஆசை வரும், நிஜமாகவே 4000 டிபிஐ பக்கம் தரும் மெஷின். ஆனால் அது பயர்வயர் என்கிற பழைய வகைக் கேபிளில் ஓடுவது. உங்கள் லேப்டாப்பில் அந்த ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் இரண்டாவது தடவை பெங்களூருக்குப் போனபோது பையில் ஓர் அடி ஸ்கேலும், உள்ளதிலேயே அதிகமாகச் சுருண்ட நெகட்டிவ் ஒன்றும் இருந்தன. கடைக்காரர் முகம் சுளித்தார். ஆனாலும் மூடியைத் திறந்து காட்டினார்.